ஐம்பது ரூபாய் அபராதத்தை வாக்காளர்கள் மாற்ற முடியுமா?

கேள்வி இது: "மிருகவதைக்கு அபராதம் வெறும் 50 ரூபாய்தான் என்று படித்தேன். நம்பவே முடியவில்லை. ஓட்டுப் போடுவதைத் தவிர வேறெந்தச் செல்வாக்கும் இல்லாத என்னைப் போன்ற ஆள் இதை மாற்ற என்ன செய்யலாம்? நாலு பேரைச் சேர்த்துக் கேட்க வைப்பது எப்படி? எந்த வேட்பாளரும் இதைப் பற்றிப் பேசுவதாகவே தெரியவில்லை." மேலோட்டமாகப் பார்த்தால் அபராதத் தொகை பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் கேட்க வருவது வேறு என்று எனக்குப் படுகிறது. வாயில்லாத ஜீவன் அடிபடுவதைப் பார்த்தால் பதறாதவர் குறைவு; அப்படியிருந்தும் அந்தப் பதற்றம் ஏன் சட்டமாக மாறுவதில்லை, எங்கே பிடித்து இழுத்தால் மாறும் என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். நான் வழக்கறிஞர், மிருகவதைப் புகார்களைப் பல வருடங்களாகக் கையாள்கிறேன். சட்டத்தில் என்ன இருக்கிறது, எங்கே ஓட்டை என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். மக்களைத் திரட்டுவது என் தொழில் அல்ல. அந்தப் பகுதியில் நான் சொல்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஐம்பது ரூபாய். நீங்கள் படித்தது சரிதான். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் எதெல்லாம் வதை என்று பட்டியல் இருக்கிறது: அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, புண்ணும் நொண்டலுமாக இருப்பதை வேலை வாங்குவது, உடம்பை அசைக்க முடியாத கூண்டில் அடைப்பது, தீனியும் தண்ணீரும் கொடுக்காமல் விடுவது, வளர்த்ததைத் தெருவில் கைவிடுவது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய் வரை. மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் "கொன்றாலும் 50 ரூபாய்தான்" என்று சுற்றி வரும் பதிவுகள் முழு உண்மை இல்லை. ஒரு விலங்கைக் கொல்வதும், விஷம் வைப்பதும், ஊனமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 428, 429 என்று இருந்தவைதான் இப்போது இந்தப் பிரிவு. இதைத் தெரிந்துகொள்ளாமல் எம்.பி. அலுவலகத்தில் போய் நின்றால், விவரமான உதவியாளர் ஒருவர் உங்களை ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடுவார். அதே நேரம் 325-ஐயும் பெரிதாக நம்பிவிட வேண்டாம். அது சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றங்களின் வரிசையில் இருக்கிறது. அடிபட்டது வலித்தது என்பது அங்கே கணக்கில்லை. யாருக்கோ நஷ்டம் என்பதுதான் கணக்கு. உடைமையாளர் இல்லாத தெருநாய் விஷயத்தில் எதிர்த்தரப்பு முதலில் கிளப்பும் வாதமே "யாருக்கு ஐயா நஷ்டம்?" என்பதுதான்.

ஆனால் என் அனுபவத்தில் பெரிய ஓட்டை அபராதத் தொகையில் இல்லை. ஒரு புகார் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒருவர் தன் குதிரையைச் சவாரிக்கு ஓட்டுகிறார், அதன் முதுகில் சேணம் உரசி உரசிப் புண் சீழ் வைத்திருக்கிறது, ஓடவில்லை என்று அடிக்கிறார். நீங்கள் வீடியோ எடுத்து ஸ்டேஷனுக்குப் போகிறீர்கள். எஸ்.ஐ. நல்லவர், வீடியோவைப் பார்த்து அவரும் உச்சுக்கொட்டுகிறார். அப்புறம் எழுத்தர், புகார் வந்தது என்பதற்கு மட்டும் சாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறார். எஃப்.ஐ.ஆர். இல்லை. ஏன்? அந்தச் சட்டத்தின் 31-வது பிரிவு, 11-வது பிரிவில் உள்ள குற்றங்களில் மூன்றே மூன்றை மட்டும்தான் போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடிய காக்னிசபிள் குற்றமாக வைத்திருக்கிறது: கொடூரமாகக் கொல்வது அல்லது உறுப்பைச் சிதைப்பது, விலங்குகளைச் சண்டைக்கு விடும் இடம் நடத்துவது, அடைத்து வைத்ததைத் திறந்துவிட்டுச் சுடும் போட்டி நடத்துவது. அவற்றோடு, பால் சுரப்பதற்காக மாட்டைக் கொடுமைப்படுத்தும் முறைகள் பற்றிய 12-வது பிரிவும் சேரும். மற்ற எதற்கும், நம் குதிரை அடிபட்டதற்கும், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையைத் தொடங்க முடியாது. நீங்கள் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும். போதாததற்கு 36-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது: குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்கு தொடுக்கப்படாவிட்டால் அவ்வளவுதான். கால்நடை மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி, வக்கீலைப் பார்த்து, மனுப் போடுவதற்குள் அந்த மூன்று மாதத்தில் பாதி ஓடிவிடும். வழக்கே பதியாததால் குதிரை அதே ஆளிடம், அதே புண்ணோடு, மறுநாளும் சவாரிக்கு வரும்.

அதனால் "அபராதத்தை ஐம்பதாயிரம் ஆக்கு" என்று கேட்பதைவிட, "இந்தக் குற்றங்களையும் காக்னிசபிள் ஆக்கு, மூன்று மாதக் கெடுவை நீட்டு" என்று கேட்பது பலமான கோரிக்கை என்பது என் கருத்து. தண்டனையின் கடுமையைவிட, மாட்டிக்கொள்வோம் என்கிற நிச்சயம்தான் குற்றத்தைக் குறைக்கும் என்பது குற்றவியலில் நீண்ட காலமாக ஆராய்ந்து பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விஷயம். யாரும் வசூலிக்காத ஐம்பதாயிரத்துக்கும் யாரும் வசூலிக்காத ஐம்பதுக்கும் என்ன வித்தியாசம்? இருந்தாலும் அபராதக் கோரிக்கையைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். "பத்து ரூபாய்" என்ற சொல்லுக்கு மக்களிடம் உள்ள பலம் 31-வது பிரிவுக்கு இல்லை. பேச்சைத் தொடங்க அது உதவும். மனுவில் எழுதுவதற்கு 31-ம் 36-ம்.

நீங்கள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022 நவம்பரில் மத்திய மீன்வளம், கால்நடை, பால்வள அமைச்சகம் இந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. கொடூர வதை என்று தனி வகை, அதற்குக் குறைந்தது 50,000 ரூபாய் அபராதம், ஒன்று முதல் மூன்று ஆண்டு சிறை, விலங்கைக் கொன்றால் ஐந்து ஆண்டு வரை சிறை, கூடுதல் குற்றங்களைக் காக்னிசபிள் ஆக்குவது எல்லாம் அதில் இருந்தன. கருத்துச் சொல்லக் கொடுத்த அவகாசம் இரண்டு வார அளவுதான். தயாராக இருந்த அமைப்புகள் எழுதின, மற்றவர்கள் செய்தி தெரிந்துகொள்வதற்குள் கதவு மூடிவிட்டது. அந்த வரைவு சட்டமாகவில்லை. இன்னொரு ஓட்டை புதிதாகவே திறந்திருக்கிறது. விலங்குகளிடம் பாலியல் வன்கொடுமை செய்வதைத் தண்டித்து வந்தது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதாவில் அதற்கு இணையான பிரிவே இல்லை. நாடாளுமன்ற நிலைக்குழு அதைச் சேர்க்கச் சொல்லியும் சேர்க்கப்படவில்லை. எந்தக் கட்சிக்காரரும், எந்த மதத்துக்காரரும் எதிர்க்க முடியாத திருத்தம் ஒன்று வேண்டுமென்றால் இதைவிடத் தெளிவானது கிடையாது. வெளியில் பேசக் கூச்சப்படுகிற விஷயம் என்பதாலேயே யாரும் கேட்காமல் கிடக்கிறது.

சரி, யாரிடம் கேட்பது? பலர் "மத்தியச் சட்டம், டெல்லியில்தான் மாற்ற முடியும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது தவறு. மிருகவதைத் தடுப்பு என்பது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநிலச் சட்டமன்றமும் திருத்தம் செய்யலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும், அவ்வளவே. இதைத் தமிழ்நாட்டுக்காரருக்கு நான் நிரூபிக்க வேண்டியதில்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியது. 21-ம் தேதி அவசரச் சட்டம், 23-ம் தேதி சட்டமன்றத்தில் மசோதா, அந்த மாத இறுதிக்குள் குடியரசுத் தலைவர் ஒப்புதல். மாற்றப்பட்டது எந்தச் சட்டம்? இதே 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம்தான். 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஜல்லிக்கட்டைப் பற்றி உங்கள் நிலைப்பாடு எதுவாகவும் இருக்கட்டும். எனக்கும் ஒன்று உண்டு, அது இங்கே தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறு. நம் நினைவில் பொதுமக்கள் நேரடியாக நெருக்கி இந்தச் சட்டத்தை மாற்றிய ஒரே பெரிய சம்பவம், சட்டத்தில் விலக்கு கேட்டு நடந்தது. "மக்கள் கேட்டு என்ன நடக்கப்போகிறது" என்ற அலுப்புக்கு அதுவே பதில். அவர்கள் கேட்டது என்ன என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தது, எந்தச் சட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்பது தெளிவாக இருந்தது, மாற்றும் அதிகாரம் உள்ளவர் கோட்டையில் இருந்தார்.

அதற்கு நேர் எதிரான பாடமும் நம்மிடமே இருக்கிறது. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் ஒன்று 1950-லேயே இங்கே இயற்றப்பட்டு, ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. 2003 ஆகஸ்டில் அன்றைய அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் கிராமங்கள் கொதித்தன. 2004 பிப்ரவரியில், நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய நேரத்தில், அந்தச் சட்டமே ரத்தானது. ஐம்பது ஆண்டுக்கு மேல் இருந்த சட்டம் ஆறே மாதத்தில் காணாமல் போனது. பலியிடுவது சரியா தவறா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. வாக்காளர்களிடம் பேசாமல், அவர்கள் சாமியையும் சாப்பாட்டையும் தொடுவதாகத் தோன்றும் சட்டம் மேலிருந்து இறங்கினால் அது நிற்காது. போகும்போது விலங்கு நலம் என்ற பேச்சுக்கே கெட்ட பெயரையும் சேர்த்து வைத்துவிட்டுப் போகும். இன்றும் கிராமத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் பெரியவர் ஒருவர் முதலில் கேட்பது, "கிடா வெட்டக் கூடாதுன்னு சொல்ல வந்தீங்களா தம்பி?" என்பதுதான்.

அதனால் உங்கள் பேச்சில் முதல் ஐந்து நிமிடம், நீங்கள் எதைக் கேட்கவில்லை என்பதற்குப் போகட்டும். 1960 சட்டமே உணவுக்காகக் கொல்வதைத் தேவையற்ற வேதனை இல்லாத வரை குற்றமாகப் பார்ப்பதில்லை. மதம் கோரும் முறையில் கொல்வதும் 28-வது பிரிவின்படி அந்தச் சட்டத்தில் குற்றம் அல்ல. உழவு மாட்டுக்குக் காயடிப்பது, கொம்பு நீக்குவது, சூடு போட்டு அடையாளம் வைப்பது ஆகியவற்றுக்கும் அதில் விலக்கு உண்டு. "இதில் எதையும் மாற்றச் சொல்லவில்லை, அடித்தால் போலீஸ் வழக்குப் பதிய வேண்டும், அவ்வளவுதான்" என்று சொல்லிப் பாருங்கள். கறிக்கடைக்காரரும் வண்டிமாட்டுக்காரரும் உங்களோடு நிற்பார்கள். தன் மாட்டை நன்றாக வைத்திருக்கும் வண்டிக்காரருக்கு, பக்கத்து வண்டிக்காரர் இரட்டைப் பாரம் ஏற்றிக் கூலியைக் குறைப்பது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? கூட்டத்தில் அவரைப் பேச விடுங்கள். நீங்களும் நானும் பேசுவதைவிட அது எடுபடும். விலங்கு ஆர்வலர்களில் சிலர் இதை ஏற்க மாட்டார்கள், சைவமாக மாறாதவன் எப்படி மிருகவதையைப் பேசலாம் என்பார்கள். அவர்கள் தர்க்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தர்க்கம் வேறு, தொகுதியில் பெரும்பான்மை வேறு.

தெருநாய்ப் பிரச்சினையை ஒதுக்கிவிட்டு இந்தப் பேச்சை நடத்தவே முடியாது, முயலவும் வேண்டாம். நாய்க்கடியால் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய தாயிடம் போய் நாயின் உரிமை பற்றிப் பேசினால் அவர் ஓட்டு மட்டுமல்ல, அந்தத் தெருவின் ஓட்டே போய்விடும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முதலில் டெல்லிப் பகுதித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் வைக்கச் சொன்னதும், பதினொரு நாளில் அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து வெறிநோயும் மூர்க்கமும் இல்லாதவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதும் நினைவிருக்கும். இரண்டு பக்கமும் அவ்வளவு சூடு. இங்கே வாக்காளரிடம் கேட்கச் சொல்ல வேண்டியது ஒன்றே: 2023-ம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் ரேபீஸ் தடுப்பூசியும் போடும் பொறுப்பு உள்ளாட்சியுடையது. எங்கள் நகராட்சி எத்தனை நாய்க்குப் போட்டது, கூண்டும் மருத்துவரும் எங்கே? நாயை வெறுப்பவரும் நேசிப்பவரும் சேர்ந்து கையெழுத்துப் போடக்கூடிய கேள்வி இது.

வெளிநாட்டு அனுபவம் பயன்படுமா என்றால், கொஞ்சம். அங்கே சில இடங்களில் மக்கள் சட்டத்துக்கே நேரடியாக வாக்களிக்கிறார்கள், நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் அந்தக் கணக்கை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனால் ஒரு போக்கு தெரிகிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2018-ல் நாய்ப் பந்தயத்தை நிறுத்தும் திருத்தத்துக்கு 60 சதவீதம் தேவைப்பட்டது, 69 சதவீதம் கிடைத்தது. சுவிட்சர்லாந்தில் 2010-ல் ஒவ்வொரு மாநிலமும் விலங்குகளுக்கென்று வழக்கறிஞரை நியமிக்க வேண்டும் என்ற யோசனையைச் சுமார் 70 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 2022-ல் தொழிற்சாலை பாணிப் பண்ணைகளை ஒழிக்கும் யோசனையும் தோற்றது. குறிப்பிட்ட ஒரு கொடுமையை நிறுத்து என்றால் மக்கள் வருகிறார்கள். வாழ்க்கை முறையையோ அரசு இயந்திரத்தையோ விரிவாக மாற்று என்றால் தயங்குகிறார்கள். இது என் வாசிப்பு. சுவிஸில் ஏற்கெனவே கடுமையான சட்டம் இருந்ததால் "இது போதும்" என்று நினைத்திருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு.

எனக்கு அதிகம் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். அங்கே 2000-ல் நாய்ப் பந்தயத் தடை மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. தோற்றவர்கள் அடுத்து எதைப் பிடித்தார்கள் தெரியுமா? பந்தயத்தில் காயம்படும் ஒவ்வொரு நாயையும் பற்றி அரசுக்கு அறிக்கை தர வேண்டும் என்ற சின்ன விதி. ஓடுகளத்தின் சொந்த அறிக்கைகளிலேயே நூற்றுக்கணக்கான காயங்கள் பதிவாகின. அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு 2008-ல் மறுபடி வந்தார்கள், 56 சதவீதம் பெற்று வென்றார்கள். தடை கேட்பதற்கு முன் கணக்குக் கேட்டதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

இதை நாம் அப்படியே செய்ய முடியும், புதுச் சட்டம்கூட வேண்டாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு. கடந்த ஐந்து ஆண்டில் 1960 சட்டத்தில் எத்தனை வழக்குகள் பதிவாகின, எத்தனையில் தண்டனை, வசூலான மொத்த அபராதம் எவ்வளவு. இன்னொரு மனு கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு. 2001-ம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்கின்றன. நம் மாவட்டத்தில் இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, ஆம்புலன்ஸும் காப்பகமும் உண்டா. முப்பது நாளில் பதில் வர வேண்டும். "விவரம் இல்லை" என்று வந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். "ஐந்து ஆண்டில் நம் மாவட்டத்தில் வசூலான அபராதம் இவ்வளவுதான்" என்ற ஒரு வரிக்கு உள்ளூர் நிருபர் வருவார். ரத்தம் சொட்டும் படத்துக்கு வர மாட்டார், போடவும் மாட்டார்.

படம் என்றதும் சொல்கிறேன், இங்கேதான் எனக்குச் சந்தேகம் அதிகம். கோரமான வீடியோ பகிர்ந்தால் மக்கள் எழுச்சி பெறுவார்களா, இல்லை முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா என்பதில் ஆய்வாளர்களே ஒரு பக்கம் சாயவில்லை. என் கண்ணில் பட்டவரை, அப்படிப்பட்ட வீடியோ அந்த ஒரு ஆளைக் கைது செய்ய உதவுகிறது. சட்டத்தை மாற்ற உதவி நான் பார்த்ததில்லை. கோபம் முழுவதும் அந்த முகத்தின் மேல் போய்விடுகிறது, 31-வது பிரிவு தப்பித்துக்கொள்கிறது. அதுபோலத்தான் இணையக் கையெழுத்து இயக்கமும். லட்சம் கையெழுத்து வந்தாலும் அதில் தன் தொகுதிக்காரர் எத்தனை பேர் என்று எம்.பி.க்குத் தெரியாது. தெரியாத எண்ணைக் கண்டு அவர் ஏன் பயப்பட வேண்டும்? சட்டமன்றத் தொகுதி, வார்டு, வாக்குச்சாவடி பெயரோடு கூடிய இருநூறு கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். விலங்கு நலத்துக்காக இந்தியாவில் ஒரு தேர்தல் முடிவே திசை மாறும் என்று நான் நம்பவில்லை. ஆனால் சட்டம் மாற அது தேவையும் இல்லை. எதிர்ப்பு இல்லாத சின்னத் திருத்தம், கேட்கும் ஆட்கள் தொகுதியில் இருக்கிறார்கள் என்ற எண்ணம், இரண்டும் சேர்ந்தால் கோப்பு நகரும்.

எம்.பி.யிடம் என்ன கேட்பது என்பதில் கறாராக இருங்கள். "ஆவன செய்யுங்கள்" என்று முடியும் மனுவுக்கு ஆவன செய்வதாகத்தான் பதில் வரும். அவரால் செய்ய முடிந்தவை இவை: கால்நடை அமைச்சருக்கு அவையில் எழுத்துப்பூர்வமான கேள்வி எழுப்பலாம், "2022 வரைவின் நிலை என்ன, எப்போது அறிமுகமாகும்?" என்று. உங்கள் மனுவில் மேலொப்பமிட்டு மக்களவைக்குச் சமர்ப்பிக்கலாம், அது மனுக்கள் குழுவுக்குப் போகும். தனிநபர் மசோதா கொண்டுவரலாம். கடைசியாகச் சொன்னதில் அதிகம் நம்பிக்கை வைக்காதீர்கள்: சுதந்திர இந்தியாவில் இதுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே, 1970-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஆனால் வீண் என்றும் சொல்ல மாட்டேன். 1960 சட்டம் பிறந்ததே அப்படித்தான். மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நேரு அதைத் திரும்பப் பெறச் சொல்லி, அரசே சட்டம் கொண்டுவரும் என்று வாக்களித்தார். சில ஆண்டுகளில் வந்தது. மசோதா தோற்றாலும் அமைச்சரை எழுந்து பதில் சொல்ல வைக்கும், அந்தப் பதில் அவைக்குறிப்பில் நிற்கும்.

இன்னொரு வாசல் பலருக்குத் தெரியாது. இந்திய விலங்குகள் நல வாரியத்தில் ஆறு எம்.பி.க்களுக்கு இடம் உண்டு, மக்களவையிலிருந்து நான்கு, மாநிலங்களவையிலிருந்து இரண்டு. சட்டத்தை ஆராய்ந்து என்ன திருத்தம் வேண்டும் என்று அரசுக்குச் சொல்வது அந்த வாரியத்தின் வேலைகளில் முதலாவதாக எழுதியிருக்கிறது. தற்போதைய ஆறு பேர் யார் என்று பார்த்து, அவர்கள் தொகுதியில் உங்களுக்கு உறவோ நட்போ இருந்தால் அவர்களை எழுதச் சொல்லுங்கள். வெளியூர்க்காரர் எழுதும் கடிதத்தைவிட உள்ளூர் வாக்காளர் எழுதுவது மேலே போகும்.

தேர்தல் நேரத்தைப் பொறுத்தவரை, பிரசாரம் சூடு பிடித்த பிறகு வேட்பாளரைப் பிடிப்பது வீண். தெருவில் ஜீப்பை நிறுத்தி நீங்கள் எதைக் கேட்டாலும் "கண்டிப்பா செய்றோம்மா" என்பார். அதற்குப் பல மாதம் முன்பு கட்சிகள் தேர்தல் அறிக்கைக் குழு அமைத்து ஊர் ஊராக மனு வாங்கும். வணிகர் சங்கமும் ஆசிரியர் சங்கமும் வரிசையில் நிற்கும் அந்த இடத்தில் நீங்களும் ஒரு பக்கக் கோரிக்கையோடு நில்லுங்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். அங்கே போடும் தீர்மானம் சட்டத்தை மாற்றாது. ஆனால் பத்து ஊராட்சித் தீர்மான நகல்களைச் சேர்த்து வைத்தால் எம்.எல்.ஏ. அதைக் கையெழுத்து இயக்கம் மாதிரி ஒதுக்க முடியாது, அவை அவருடைய சொந்த ஊர்கள்.

இரண்டு எச்சரிக்கை. நீங்கள் பதிவு செய்த அறக்கட்டளை வழியாக இதைச் செய்தால் எல்லா வேட்பாளரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, பதில்களை அப்படியே வெளியிடுவதோடு நில்லுங்கள். ஒருவருக்கு ஓட்டுக் கேட்டு இறங்கினால் வரிவிலக்கும் வெளிநாட்டு நன்கொடை அனுமதியும் சிக்கலாகலாம். வேட்பாளரின் ஒப்புதல் இல்லாமல் அவருக்காகப் பணம் செலவழிப்பது தனிக் குற்றம். ஆடிட்டரைக் கேட்காமல் நோட்டீஸ்கூட அடிக்காதீர்கள். அடுத்தது, பசுவை மட்டும் முன்னால் நிறுத்திப் பேச வருபவர்கள் உங்கள் மேடைக்கு வருவார்கள். மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி முறைகேடு. அது போக, ஒரு மிருகத்தை மட்டும் பேசினால் குதிரையும் கழுதையும் தெருநாயும் பேச்சிலிருந்து விழுந்துவிடும், பாதிப் பேர் கூட்டத்தை விட்டே எழுந்து போய்விடுவார்கள்.

இந்த வாரமே ஏதாவது செய்ய வேண்டும் என்றால் தகவல் உரிமை மனுக்கள் இரண்டையும் அனுப்பிவிடுங்கள். பதில் வரும் மாதத்துக்குள் எம்.பி.க்கான கடிதத்தை எழுதி வையுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். முதல் வரியில் உங்கள் பெயர், வாக்குச்சாவடி எண். அடுத்து: "1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுக் குற்றங்கள் அனைத்தையும் 31-வது பிரிவில் சேர்க்கவும், 36-வது பிரிவின் மூன்று மாத வரம்பை நீட்டவும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு நீங்கியதால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்பவும், 2022 வரைவின் நிலை குறித்து வரும் கூட்டத்தொடரில் கேள்வி எழுப்பவும் கேட்டுக்கொள்கிறேன்." கீழே மாவட்டக் காவல்துறை தந்த எண்ணிக்கை. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மின்னஞ்சலை உதவியாளர் அழித்துவிடலாம், ஸ்பீட் போஸ்ட் போய்ச் சேர்ந்ததற்குப் பதிவு இருக்கும். நாற்பது நாளில் பதில் இல்லையென்றால் அந்த ரசீதின் நகலை இணைத்து அடுத்த கடிதம்.